மாட்டினால் போதுமா?

வில்லியனூர், பாகூர் பக்கம் சில வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பழைய ஃபிலிம் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா விட்டுப்போனதாக இருக்கும், இல்லை மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றில் வாங்கியதாக இருக்கும். இப்போது ஃபிலிம் மோகம் திரும்பியிருப்பதால் கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அடுத்த வேலை, செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் தேடுவது.

ஏமாறும் இடமும் இதுதான். விற்பவர் லென்ஸை மாட்டிக் காட்டுவார், 'டக்'கென்று உட்காரும். ஆனால் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு.

நிகானையே எடுத்துக்கொள்வோம். 1959-ல் வந்த 'எஃப்' மவுண்ட்டைக் கைவிடவில்லை என்பது அதன் ரசிகர்களுக்குப் பெருமை. சரி, உள்ளே என்ன நடந்தது? 1986-ல் வந்த எஃப்-501-ல் ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. பின்னால் வந்த ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள் போய்விட்டது. அதை எஃப்-501-ல் மாட்டலாம், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். அபெர்ச்சர் வளையம் இல்லாத 'ஜி' லென்ஸை எஃப்எம்2-ல் மாட்டினால் துளை மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிடும். 2016-ல் தொடங்கிய ஏஎஃப்-பி லென்ஸ்களோ ஃபிலிம் நிகான்களில் கையால்கூட ஃபோகஸ் ஆகாது. மவுண்ட் மட்டும் அதேதான்!

கேனான் 1987-ல் பழைய எஃப்டி மவுண்ட்டைத் தூக்கியெறிந்துவிட்டு 'இஎஃப்' கொண்டுவந்தது. மினோல்டா 1985-லேயே 7000 மாடலோடு இதே காரியத்தைச் செய்திருந்தது. பழைய லென்ஸ்களில் காசைக் கொட்டியிருந்தவர்களுக்கு அது பேரிடிதான். எஃப்டி கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 42 மி.மீ., இஎஃப்பில் 44 மி.மீ. இந்த 2 மி.மீ. வித்தியாசத்தால், நடுவில் கண்ணாடி இல்லாத வெறும் அடாப்டர் போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

ஆனாலும் இன்று பழையது வாங்கும் மாணவனுக்குக் கேனான் செய்ததுதான் நல்லது. 1987 முதல் வந்த கேனான் இஎஃப் லென்ஸ் எதுவானாலும், ஆட்டோஃபோகஸ் உள்ள இஓஎஸ் ஃபிலிம் கேமராவில் ஃபோகஸ் ஆகும். டிஜிட்டலுக்காக 2003-ல் வந்த இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டவே மாட்டாது. அதுவும் நல்லதே, காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறதே!

நிகான் வழியிலும் நியாயம் உண்டு. அப்பா காலத்து மேனுவல் லென்ஸ் பலவற்றை இன்றும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நன்மை ஏற்கெனவே லென்ஸ் வைத்திருப்பவருக்கு. புதிதாக வாங்குகிறவருக்கு மிஞ்சுவது குழப்பம்தான். ஒரே அடியாக உடைத்துச் சொல்வது, பாதி ஒட்டவைத்துக் காட்டுவதைவிட நேர்மையானது.

வில்லியனூர் தேர் தெருமுனையில் திரும்புவது சில நொடிதான், ரோலில் இருப்பதோ 36 படம். எனவே வாங்கப் போகிறவர்கள் "மாட்டுமா?" என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். மோட்டார் எங்கே, வளையம் உண்டா என்று கேளுங்கள். சொந்தக் கேமராவை எடுத்துப்போய், மாட்டி, ஃபோகஸ் ஆவதைப் பார்த்தபிறகு காசை எடுங்கள்.