சரக்கை நகர்த்துவது யார்?

டத்தோ கிராமாட் மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் கையுறைக்குப் பின்னால் பால்வெட்டுபவர், கிராணி, ஆலைத் தொழிலாளி, லாரிக்காரர் என்று எத்தனை பேர்! தேவை பெருகினால் சரக்கு உடனே நகர வேண்டுமாம். அதற்கு இயந்திரம் போதுமாம். முதலாளிமார் இப்படித்தான் பேசுகிறார்கள்.

2020-இல் நடந்ததென்ன? கொரோனாவால் உலகமே கையுறை கேட்டு நின்றது. அந்த நேரத்தில், உலகின் மிகப்பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் கிள்ளான் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியது. நெருக்கியடித்துத் தங்கவைத்த பலன்! நவம்பரில் 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. 2021 மார்ச்சில், கட்டாய உழைப்பென்று அமெரிக்கச் சுங்க இலாகா சரக்கைப் பறிமுதல் செய்யச் சொன்னது. செப்டம்பரில்தான் தடை நீங்கியது. இயந்திரமா பழுதானது? இல்லை, மனிதரை மறந்தார்கள்!

தோட்டத் தொழிலாளருக்கு 1990-லேயே குடியிருப்புச் சட்டம் வந்தது. மற்றத் தொழில்களுக்கு அதை விரிவாக்க 2019 வரை காத்திருந்தார்கள்.

நாம் பிச்சை கேட்கவில்லை. நல்ல வீடு, நியாயக் கூலி, குறை சொன்னால் வேலை போகாதென்ற உறுதி, சங்க உரிமை ஆகியவற்றையே கேட்கிறோம். இவை வீண்செலவல்ல, சரக்கு தடையின்றி ஓட வழி இவையே. பெரட்டில் ஆள் நிற்காத நாளில் ஆலைக்குப் பால் ஏது?