முதியவரின் புலம்பலுக்கு வயதைப் பழிக்காதீர்கள்

பொன்னமராவதி வட்டாரத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பெரும்பாலும் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோதான் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். அறுவை நல்லபடியாக முடிந்த மறுநாள் இரவு, அப்பத்தாவுக்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரிவதில்லை. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குகிறார். அல்லது கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் சுருண்டு கிடக்கிறார். 'வயதாகிவிட்டது' என்பார் சிலர். 'மயக்க மருந்து கூடிப்போனது' என்பார் வேறு சிலர். டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்கு இவ்விரண்டையும் மட்டும் காரணமாக்கினால், தடுக்கக்கூடிய காரணங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

வயதும் ஏற்கெனவே உள்ள மறதி நோயும் ஆபத்தைக் கூட்டுபவை. அவற்றை மாற்ற முடியாது. ஆனால் மயக்க மருந்தின் மீதுள்ள சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், முதுகுத்தண்டில் ஊசி போட்டவர்களுக்கும் முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கும் குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவில், 20 சதவீதம் பேருக்கு வந்தது. காத்திருப்பின் கதை வேறு. 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அறுவையை விரைவுபடுத்தியதால் உயிரிழப்பு குறையவில்லை. ஆனால் குழப்பம் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. காத்திருக்கும் நேரமெல்லாம் வலி, பட்டினி, நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை ஆகியவை சேர்ந்தே வாட்டுகின்றன. சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல், கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, வீட்டிலேயே விட்டுவந்த மூக்குக்கண்ணாடி என்று பட்டியல் இன்னும் நீளும்.

வலி மருந்தே புத்தியைக் குழப்பாதா என்று கேட்பது நியாயம்தான். அளவு மீறினால் குழப்பும். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த 541 பேரைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு, தெளிந்த மனத்தோடு இருந்தவர்களில் கடும் வலி தணியாதவர்களுக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று காட்டியது. உண்மையில் அஞ்ச வேண்டியவை, கேட்டவுடன் கொடுக்கப்படும் தூக்க மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும்தான். ஆள் பற்றாத அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. பாஸ்டனில் 126 நோயாளிகளிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், முதியோர் மருத்துவரின் அன்றாட ஆலோசனையால் குழப்பம் 50 சதவீதத்திலிருந்து 32 ஆக இறங்கியது. அவர் சொன்னவை, நீர்ச்சத்தைச் சரிசெய்வது, வலியைத் தணிப்பது, தேவையற்ற மருந்துகளை நிறுத்துவது, சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுப்பது, நோயாளியை எழுப்பி உட்காரவைப்பது போன்றவையே. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது தமிழகத்துக்குப் பெருமை. அங்குள்ள முதியோர் மருத்துவ அறிவு வட்டார மருத்துவமனை வரை இறங்கி வர வேண்டும். முதலில் பார்க்கும் மருத்துவமனையே வலியைத் தணித்து, நோயாளி உண்ணும் மருந்துகளின் பட்டியலோடு தாமதமின்றி அனுப்ப வேண்டும். கண்ணாடியும் காதுக்கருவியும் உடன் செல்ல வேண்டும். இரவில் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்க அனுமதிக்க வேண்டும். சத்தம் போடாமல் சுருண்டு கிடப்பவரின் குழப்பம்தான் எளிதில் தவறவிடப்படுவது. ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் செவிலியர் உடனிருப்பவரிடம், 'இவர் வழக்கம்போல் இருக்கிறாரா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 'இல்லை' என்று பதில் வந்தால், காய்ச்சலுக்குத் தேடுவதுபோலவே இதற்கும் அன்றே காரணம் தேடுவதை நம் அரசு மருத்துவமனைகள் விதியாக்க வேண்டும்.