தந்தையும் மகனும் செய்த வாத்தியம்

பிள்ளை ஒன்று பெரிய விலையுள்ள பொருளைக் கேட்டு அடம் பிடிக்கும்போது பெற்றோர் செய்யக்கூடியவை மூன்று. கையில் காசு இருந்தால் வாங்கிக் கொடுக்கலாம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு; அது அரிது. “வா, இருவருமாகச் செய்து பார்ப்போம்” என்று பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். இம்மூன்றாவது வழியிற் சென்ற ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

லண்டன் மாநகரின் மேற்குப் புறத்தே பெல்தம் என்றோர் ஊர் உண்டு. 1963ஆம் ஆண்டில் அங்கே ஹரல்ட் மே என்பவர் தம் மனைவி ரூத்துடனும் ஒரே மகன் பிரையனுடனும் வாழ்ந்துவந்தார். அரசாங்கத்தின் விமானத்துறை அமைச்சில் அவருக்கு உத்தியோகம். வீட்டிலுள்ள மின்கருவிகளைத் தம் கையாலேயே பூட்டிப் பழகியவர். மகனுக்கு அப்போது வயது 16. அவன் மனமெல்லாம் மின்கிற்றார் ஒன்றின் மேலேயே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த நல்ல கிற்றாரின் விலையோ நூறு பவுணுக்கும் மேல். அச்சிறு குடும்பத்தின் வருவாய்க்கு அது எட்டாக் கனி. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் தந்தையும் மகனும் வீட்டு அறையொன்றைப் பட்டறையாக்கி வேலையைத் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாலை வேளைகளும் விடுமுறை நாள்களும் அதிலேயே கழிந்தன.

அவர்கள் சேர்த்த சாமான்களின் பட்டியல் வேடிக்கையானது. குடும்ப நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கணப்படுப்பைச் சுற்றியிருந்த பழைய மகோகனிச் சட்டத்தைக் கழித்துவிட எண்ணியிருந்தார். அது வாத்தியத்தின் கழுத்தாயிற்று. நூறாண்டு கண்ட அம்மரத்திலே புழு அரித்த துவாரங்கள் இருந்தன. அவற்றை நெருப்புக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பாகத்துக்குப் பழைய ஓக் மேசையொன்றின் பலகை உதவிற்று. சுற்றுப்பாகம் ஒட்டுப்பலகை, அதன் மேலும் கீழும் மெல்லிய மகோகனித் தகடு ஒட்டி மெருகிட்டனர். விரற்பலகையில் சுரத்தானங்களைக் காட்டும் வெண்புள்ளிகள் வேண்டுமல்லவா? தாயாரின் தையற் பெட்டியைத் திறந்து முத்துச்சிப்பிப் பொத்தான்களை எடுத்து, தேய்த்து உருவாக்கிப் பதித்தனர். தந்திகளைத் தளர்த்தி இறுக்கி ஓசையை அசைக்கும் கைப்பிடி, துவிச்சக்கர வண்டியில் பை தாங்கும் கம்பி. அதன் நுனியில் இருப்பது தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. அப்பொறியை மீட்டு நிறுத்தும் இரண்டு சுருள்விற்கள் 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து வந்தவை.

கழித்த சாமான்களைப் பொறுக்கிச் சேர்ப்பது கடினமன்று. அவற்றைச் சுருதி பிசகாமல் பாடவைப்பதே கடினம். நமது வீணையில் 24 மெட்டுகள் உண்டு. அவை மெழுகில் பதிக்கப்பட்டவை. சுருதி விலகினால் மெழுகைத் திருத்தி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். பிரையனின் கிற்றாரிலும் மெட்டுகள் 24தான். ஆனால் அவை மரத்தில் அறுத்த வெட்டுக்குள் இறுக்கப்படுவன. இறுக்கிய பின் நகர்த்த இயலாது. ஆகவே மரத்தில் வாள் படுமுன்னரே கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஒரு தந்தியின் ஒலிக்கும் நீளம் 24 அங்குலமாயின் 12ஆவது மெட்டு சரியாக 12 அங்குலத்தில் அமையும். அங்கே சுரம் ஒரு ஸ்தாயி உயரும். இடையிலுள்ளவை சம தூரத்தில் அமைவதில்லை. ஒவ்வொரு மெட்டும் அதற்கு முன் எஞ்சிய நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு போகும். முதல் மெட்டுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றே கூடிய இடம் கிடைத்தால், கடைசி மெட்டுகளுக்கு அதில் நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். மயிரிழை தவறினாலும் செவி கண்டுபிடித்துவிடும்.

தந்திகளைத் தாங்கும் குதிரையிலும் இதே கவனம் காணப்பட்டது. தந்திகள் பூட்டிய இரும்புத் தகடு கத்திமுனை போன்ற ஒரு விளிம்பின் மேல் நின்று ஆடுகிறது. ஒரு பக்கம் ஆறு தந்திகளின் இழுவை. மறுபக்கம் அவ்விரு சுருள்விற்களின் இழுவை. தராசின் முள்போல் இரண்டும் சமன்பட்டு நிற்கின்றன. தந்தி உராய்ந்து சிக்கிக்கொள்ளாதிருக்கக் குதிரையில் சின்னஞ்சிறு உருளைகளைக் கடைந்து வைத்தனர். கைப்பிடியை எவ்வளவு அசைத்தாலும் விட்டவுடன் தந்திகள் பழைய சுருதிக்கே திரும்புகின்றன.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவதற்குக் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் வேண்டும். பிரையன் காந்தம் வாங்கி, அச்சுருள்களையும் தாமே சுற்றிப் பார்த்தார். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தபோது ஒலி விகாரப்பட்டது. எனவே பேர்ன்ஸ் நிறுவனத்தார் செய்த மூன்றை விலைக்கு வாங்கினர். வாங்கியதை வாங்கியபடியே பூட்டவுமில்லை. சுருளின் கம்பிகள் தாமே அதிர்ந்து கிறீச்சிடாதபடி அரால்டைட் என்னும் பசையை வார்த்து அவற்றை உறையச் செய்தனர். கையால் ஆனதைக் கையால் செய்தல், ஆகாததை விலைக்கு வாங்குதல், வாங்கியதையும் திருத்திக்கொள்ளுதல் என்ற முறை நல்ல தொழிலாளி எவருக்கும் பொருந்தும்.

1970ஆம் ஆண்டில் பிரையன் மே நண்பர்களுடன் தொடங்கிய ‘குவீன்’ என்னும் இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. அக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்த ஜோன் டீக்கனும் இதே போக்குடையவர்தாம். லண்டன் தெருவில் குப்பைத் தொட்டியொன்றிற் கிடந்த மின்சுற்றுப் பலகையை எடுத்து, பழைய ஒலிபெருக்கிப் பெட்டியில் பூட்டி, மின்கலத்தால் இயங்கும் சிறு கருவியொன்று செய்தார். வயலினும் குழலும் சேர்ந்தாற்போன்ற ஓசைகளைப் பிரையன் அதிலிருந்தே தம் கிற்றாரால் எழுப்பினார்.

இனி இக்கதையின் துன்பமான பகுதிக்கு வருவோம். பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானவியல் ஆராய்ச்சி மாணவர். சூரிய மண்டலத்தில் மிதக்கும் தூசியைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். பட்டம் கைக்கெட்டும் காலத்தில், 1974ஆம் ஆண்டளவில், இசைக்காக ஆராய்ச்சியைக் கைவிட்டார். சிக்கனமாக வாழ்ந்து, ஒரே மகனைப் படிக்கவைத்த தந்தைக்கு எப்படியிருந்திருக்கும்? மகனைப் படிப்பிலிருந்து அழைத்துச் சென்றது எது? அவரே இரவு பகலாகக் கூடவிருந்து செய்துகொடுத்த வாத்தியம்! இருவருக்குமிடையே மனத்தாங்கல் மூண்டு சில காலம் நீடித்தது.

1977 டிசம்பரில் குவீன் குழுவினர் நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குயர் கார்டன் மண்டபத்தில் வாசித்தனர். பிரையன் தம் பெற்றோரைக் கொன்கோர்ட் விமானத்தில் அங்கே வரவழைத்தார். தமது உத்தியோக காலத்தில் அவ்விமானம் தொடர்பான வேலையிலும் பங்குகொண்டிருந்தவர் ஹரல்ட் மே. ஆனால் அதில் ஏறிப் பறக்கும் வசதி அவருக்கு என்றும் இருந்ததில்லை. அன்றிரவு, நிறைந்த சபையின் நடுவே, தம் வீட்டுப் பட்டறையில் உருவான வாத்தியத்தின் குரலை அவர் கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் மகனின் கையைப் பற்றி, இப்போது விளங்குகிறது என்று சொன்னாராம். மகன் அதைப் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

கைவிட்ட படிப்பும் வீண்போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின் பிரையன் மே அதே கல்லூரிக்குத் திரும்பி, அதே ஆராய்ச்சியை முடித்து, 2007ஆம் ஆண்டில் கலாநிதியானார். அதனைக் காணத் தந்தை உயிருடன் இல்லை.

பட்டறையில் அவ்விரண்டு ஆண்டுகளும் ஹரல்ட் மே மகனுக்குக் கற்பித்தவை யாவை என்று எண்ணிப் பார்க்கிறோம். அளவு பிசகாதே, பிசகினால் மீண்டும் செய், முடியுமட்டும் விடாதே. இப்பாடத்தை மகன் நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் அதைத் தந்தை நினைத்த வழியில் அவர் முதலில் செலவிடவில்லை. பிள்ளைக்குத் தொழில் கற்பிக்கலாம். அத்தொழில் அவனை எங்கே கொண்டுசெல்லும் என்பதைப் பெற்றவர் வரையறுக்க முடியாது. இதை அறிந்தும் பக்கத்தில் உட்காருபவரே நல்ல தந்தை.

ஆதலால் நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை பழுதான வானொலியைக் கழற்றி மேசையெங்கும் பரப்பிவைத்தால் சினந்து பறித்துவிடாதீர்கள். அரைமணி நேரம் அருகில் அமருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை அவனோடு சேர்ந்து தேடுங்கள். தாய்மார்களும் தங்கள் பொத்தான் பெட்டியைப் பூட்டி வைக்காதிருப்பார்களாக.