கதிர் வீசும் மணலில் வாழும் குடும்பங்கள்: உடம்புக்குள் நடப்பது என்ன?

கொல்லத்துக்கு வடக்கே, கடலோரத்தில் நீண்டகரை, சவரா என்ற ஊர்கள் இருக்கின்றன. மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. அந்த மணலில் மோனசைட் என்ற தாதுப்பொருள் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியம் இரவும் பகலும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும்.

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் இதே மணல்தான். 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் இதைக் கண்டுபிடித்தார். கடற்கரைக்கு வந்து அல்ல! திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்! அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் வலை செய்யத் தோரியம் தேவைப்பட்டது. இப்போது அணுசக்திக்காக அதன் மீது கண்.

கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் 2024-ல் எதிர்த்தார்கள். புற்றுநோய் வரும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் எவ்வளவு சரி? பதில் சொல்ல உதவும் ஆராய்ச்சிகள் இரண்டு. இரண்டும் கேரளத்தில் நடந்தவை.

தாய் தரும் ஏடு

உடம்பின் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உயிரணுவின் அடுப்பு அவைதான். தின்ற சோற்றையும் இழுத்த மூச்சையும் கொண்டு சக்தி உண்டாக்குகின்றன.

இந்த அடுப்புக்குச் சொந்தமாக ஒரு டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்துக்கள் கொண்ட சின்ன ஏடு என்று அதை வைத்துக் கொள்ளலாம். உயிரணுவின் நடுவிலுள்ள பெரிய டி.என்.ஏ. புரதத்தில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. சின்ன ஏட்டுக்கு அப்படிப்பட்ட போர்வை இல்லை. பழுதைச் சரி செய்யும் வசதியும் குறைவு. போதாக்குறைக்கு, அது இருப்பதோ அடுப்பின் பக்கத்திலேயே!

கதிர் பட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் உடைந்து, கண்டதையெல்லாம் தாக்கும் துணுக்குகள் கிளம்பும். அடுப்பிலிருந்தும் இதே மாதிரித் துணுக்குகள் தெறிக்கும். இரண்டு அடியும் இந்த ஏட்டின் மேல் விழும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. இந்த ஏடு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். தகப்பன் பங்கு கிடையாது. ஆகையால் தாயின் ஏட்டையும் பிள்ளையின் ஏட்டையும் ஒத்துப் பார்த்தால், எந்த எழுத்து மாறியது என்று தெரிந்துவிடும்.

எச்சிலில் கிடைத்த விடை

ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் அதைத்தான் செய்தார்கள். 248 குடும்பங்களில் 988 பேரின் எச்சிலைச் சோதித்தார்கள். கதிர் அதிகமுள்ள கடற்கரையையும், பக்கத்தில் கதிர் குறைந்த இடங்களையும் ஒப்பிட்டார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது.

கதிர் அதிகமுள்ள இடத்துப் பிள்ளைகளிடம் எழுத்து மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆனால் மாறியவை புதிய இடங்கள் அல்ல. குறைந்தது 60,000 ஆண்டுகளாக மனித இனத்தில் அடிக்கடி மாறி வந்த அதே இடங்கள்தான். தானாக மெல்ல நடப்பதைக் கதிர் விரைவுபடுத்தியிருக்கிறது.

நோய் வந்ததா? திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளி தாலுகாவில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். கதிர் கூடிய இடத்தில் புற்றுநோயும் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் அறிவித்தார்கள்.

இரண்டும் முரண் அல்ல. எழுத்து மாறுவது வேறு, நோய் வருவது வேறு. ஓர் உயிரணுவில் ஏட்டின் பிரதிகள் ஏராளம். ஒன்று கெட்டால் மற்றவை வேலை பார்க்கும். ஆனால் “புற்றுநோய் கூடவில்லை” என்பதை “ஒன்றுமே நடக்கவில்லை” என்று திரித்துச் சொல்வது சாமர்த்தியமே தவிர உண்மை ஆகாது.

மோனசைட்டைப் பிரித்து எடுத்துவிட்டால் கடற்கரையில் கதிர் குறையும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரித்த மோனசைட் குவியும் இடத்தில் கதிர் கூடுமே! தூசி கிளம்பினால் மூச்சோடு உள்ளே போகுமே! கிடக்கிற மணல் மேல் வாழ்ந்தவர்களின் கணக்கு, தோண்டுகிற மணலில் வேலை செய்பவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

கருநாகப்பள்ளியில் வீடு வீடாகப் போய்க் கதிரை அளந்தார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு என்று தெரிந்த பிறகே நோய்க் கணக்கைப் பார்த்தார்கள். கிள்ளியூர் மக்களும் அதே அளவெடுப்பைக் கேட்கலாம். மணலில் மண்வெட்டி விழுவதற்கு முன்னால் அது நடக்க வேண்டும். விழுந்த பிறகு அளந்தால், முன்பு எவ்வளவு இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.