கால் வெச்சாலும் வரி, வைக்காட்டியும் வரி

மக்களே, ஏப்ரல் 15 நெருங்கினா போதும். ஹட்சன் ஆத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்து, அந்தப் பக்கம் போய் ஆணி புடுங்குற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: "நான் எந்த மாநிலத்துக்காரன்?" ஊர்ல இந்தத் தலைவலி கிடையாது. ஓசூர்ல குடியிருந்து பெங்களூர்ல பொட்டி தட்டினாலும் வருமான வரி டெல்லிக்குத்தான். இங்க மத்திய அரசுக்குக் கட்டுறது போக, மாநிலத்துக்கும் தனியா அழணும்.

குப்புசாமின்னு ஒருத்தர்னு வெச்சுக்குவோம். வீடு ஜெர்சி சிட்டி, ஆபீஸ் மன்ஹாட்டன். சம்பாதிச்ச இடமான நியூ யார்க்குக்கு ஐடி-203 படிவத்துல வரி கட்டணும். குடியிருக்கிற நியூ ஜெர்சிக்கு என்ஜே-1040ல மொத்த வருமானத்தையும் காட்டணும். ஆனா அங்க கட்டினதுக்கு இங்க கழிவு உண்டு. ரெண்டுல எது அதிகமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் கையை விட்டுப் போகும். இது நியாயம்தான். இதுவரைக்கும் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் நாள் கணக்கு மேல.

குப்புசாமி தினமும் ரயில்ல இடிபட முடியாம மன்ஹாட்டன்ல வருஷம் முழுக்க ஒரு சின்ன ரூம் வாடகைக்கு எடுக்கிறார்னு வைங்க. அங்க நிலையா ஒரு இருப்பிடமும், வருஷத்துல 183 நாளைத் தாண்டின இருப்பும் சேர்ந்தா, சொந்த வீடு ஜெர்சியில இருந்தாலும் நியூ யார்க் அவரை 'எங்க ஊர்க்காரர்'னு எடுத்துக்கும். நாளை எப்படி எண்ணுவாங்க? விமானம் பிடிக்க ஊரைக் கடந்து போறது மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு தவிர, ஒரு மணி நேரம் கால் வெச்சாலும் முழு நாள். அப்புறம் சம்பளம் மட்டுமில்லை, வங்கி வட்டி, பங்கு லாபம் எல்லாத்துக்கும் அங்க வரி, கூடவே நகர வரி. வட்டிக்கும் பங்கு லாபத்துக்கும் ஜெர்சியில கழிவும் கிடைக்காது. அசல் ரெட்டை வரி. அவ்வ்வ்வ்...

சரி, ரூமே வேண்டாம், வாரத்துல 2 நாள் வீட்டுலேர்ந்தே வேலை பார்க்கிறார். 240 வேலை நாள்ல 96 நாள் ஜெர்சியில. அந்த 96 நாள் சம்பளம் ஜெர்சிக்குத்தானேன்னு கேட்டா, "முதலாளியோட அவசியத்துக்காக வீட்டுல இருந்தியா, உன் வசதிக்காக இருந்தியா?"ன்னு கேப்பாங்க. வசதின்னா அதுவும் நியூ யார்க் நாள். 2020ல கொரோனா வந்து ஆபீஸையே பூட்டினப்பவும் இதே விதிதான்னு சொன்னாங்க.

ஆக, கால் வெச்சாலும் நாள் அவங்களுது, வைக்காட்டியும் அவங்களுது. ஒரே காலண்டருக்கு ரெண்டு அளவுகோல், ரெண்டுமே ஒரு பக்கமா சாயுது. இதைத்தான் தப்புங்கிறேன்.

"அந்த ஊர் இல்லேன்னா உனக்கு அந்தச் சம்பளமே இல்லையே"ன்னு கேக்கலாம். சரிதான், அதனாலதான் அங்க போற 144 நாளுக்கு வரி கட்டுறோம். மிச்ச 96 நாள் ரோடு, தண்ணி, தீயணைப்பு எல்லாம் ஜெர்சி குடுக்குது.

"மொத்தம் ஒண்ணுதானே, எனக்கென்ன?"ன்னும் சிலர் சொல்வாங்க. நாட்டுலயே அதிகமா சொத்து வரி வாங்குற மாநிலங்கள்ல நியூ ஜெர்சியும் ஒண்ணு சாமி. இங்க வர வேண்டிய காசு ஆத்தைத் தாண்டிப் போனா யார் தலையில விடியும்?

கோர்ட்டும் கை குடுக்கலை. கனெக்டிகட்ல வீட்டுலேர்ந்து வேலை பார்த்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி 2003ல நியூ யார்க்கோட உச்ச வழக்கு மன்றத்துல தோத்தார். கொரோனா காலத்துல இதே மாதிரி வரி போட்ட மாசசூசெட்ஸ் மேல நியூ ஹாம்ப்ஷயர் போட்ட வழக்கை 2021ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கவே இல்லை. 2023ல நியூ ஜெர்சி பதிலுக்கு அதே மாதிரி ஒரு விதி கொண்டுவந்தது. பழிக்குப் பழி, அவ்வளவுதான்.

வழி இல்லாம இல்லை. பென்சில்வேனியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவுல பல வருஷமா ஒப்பந்தம் இருக்கு. சம்பளத்துக்கு மாநில வரி, குடியிருக்கிற இடத்துல மட்டும். நியூ யார்க் அந்த அளவுக்கு இறங்க வேண்டாம். உடம்பு எங்க இருந்துச்சோ அந்த நாள் அந்த மாநிலத்துக்குன்னு ஒரே கணக்கு வெச்சா போதும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை, பொட்டி தட்டுறவன் :-) எந்த நாள் எங்க இருந்தீங்கன்னு குறிச்சு வைங்க. மன்ஹாட்டன்ல ரூம் எடுக்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.