முறிந்த வில்லை அடுப்பில் வைக்காதீர்கள்

சென்ற சித்திரையில் என் கையிலேயே ஒரு சடச்சி மர வில் முறிந்தது. வளைவு பார்த்தபோது இரண்டு கையும் சமமாக வளைந்த வில் அது. 26 அங்குலம் இழுத்ததும் மேல்கை பிளந்து தெறித்தது. ஏன் என்று யோசித்தபோதுதான், மரத்தின் பெயரைத் தவிர வேறெதையும் நான் குறித்து வைக்கவில்லை என்பது உறைத்தது. எந்த மாதம் வெட்டியது, எத்தனை நாள் நிழலில் காய்ந்தது, ஒன்றும் தெரியாது.

கொங்கு நாட்டில் இந்தக் குறிப்பு இல்லாமல் வில் செய்ய முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் கட்டை ஈரமிழந்து மொறுமொறுப்பாகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றைக் குடித்து, நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும். மரத்தில் 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இருந்தால் நல்லது என்பது பொதுக்கணக்கு. அந்த அளவில் கட்டையை வைத்திருக்க ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டிருப்பீர்கள். அதை எழுதியவர்கள் குறைவு.

முறிவு நிறையச் சொல்லும். வில்லின் முதுகில், அதாவது வெளிப்பக்கத்தில், சிம்பு எழுந்து பிளந்திருந்தால், செதுக்கும்போது நாரை அறுத்திருக்கிறோம். வயிற்றில், அதாவது எய்பவரை நோக்கிய பக்கத்தில், மயிரிழைபோல் குறுக்குச் சுருக்கம் விழுந்திருந்தால், அந்த இடத்தில் மரம் நசுங்கியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே மட்டும் அதிகம் இழைத்திருப்போம். வெளிநாட்டு நூல்கள் முதுகில் ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்றச் சொல்கின்றன. நம் மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது. நாரோட்டம்தான் நமக்கு வழிகாட்டி. இதை எந்த நூலும் நமக்காக எழுதித் தரப் போவதில்லை, நம் முறிவுகளிலிருந்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

முறிந்த வில் மட்டுமல்ல, முடியாத வில்லும் பேசும். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற பழங்கால மனிதனின் உடலோடு இருந்தது முடிக்காத வில். யூ மரம், 1.82 மீட்டர் நீளம். கருவி பட்ட தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் கைப்போக்கை இன்று படிக்க முடிவது, அந்த வில் முடியாமல் நின்றதால்தான்.

நம்மிடமும் பழமைக்குக் குறைவில்லை. வல்வில் ஓரியின் கொல்லிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. சிலை என்ற சொல் வில்லுக்கு மட்டுமன்றி, வில் செய்த மரத்துக்கும் பெயர் என்கிறார்கள் பழைய உரையாசிரியர்கள். சொல் தங்கிவிட்டது, ஆனால் மரத்தைக் காட்டி இதுதான் அது என்று சொல்லும் கை நம் பட்டறைகளில் இல்லை. சடச்சிக்கும் அந்த கதி வரலாம். ஓரூரில் சடச்சி, ஓரூரில் உன்னு, வடக்கே தாமன். ஊர்ப்பெயரை மட்டும் நம்பி எழுதினால் அடுத்தவர் வேறு மரத்தை வெட்டுவார். கோவை ஆர்.எஸ்.புரம் வன வளாகத்தில் உள்ள, 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் இருக்கின்றன. ஒருமுறை போய்ப் பாருங்கள். நாணுக்கும் இதே கவனம் வேண்டும். வேலியோரத்து மரல் நாரில் திரித்ததா, கடை நூலா என்று குறியுங்கள்.

கட்டையைக் காட்டிலிருந்து எடுக்க வேண்டாம். தோட்டத்தில் உரிமையாளர் வெட்டித் தரும் மரமென்றால் ஊரும் நாளும் தெரியும். முடித்த வில்லோடு காட்டுப் பக்கம் போகும்போதும் கவனம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வில்லும் அம்பும் ஆயுதம். ஆனைமலையானாலும் சத்தியமங்கலமானாலும், சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கொண்டு போகக் கூடாது.

வில் முறிந்தால் இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். மரம், வெட்டிய ஊர், மாதம், காய்ந்த நாள், நீளம், எத்தனை அங்குல இழுப்பில் முறிந்தது என்பதையெல்லாம் பென்சிலால் வில்லின் வயிற்றிலேயே எழுதுங்கள். முறிந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து 2 பக்கங்கள் அவற்றுக்கே. முதல் படம் என் சடச்சி வில்.