தின்று தீர்த்தால் தீங்கில்லையா?

"ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிற லைனில் ஆக்சிஜனைப் பற்றி என்ன கவலை? கொஞ்சம் உள்ளே போனாலும் அதுவே தின்றுவிடும்."

எரிவாயு நிலையங்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். கையோடு ஆதாரமும் காட்டுவார்கள்: மீட்டரில் ஆக்சிஜன் பூஜ்ஜியம். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் திறக்க வேண்டிய இடம் அதுதான். தின்றுவிடும் என்பது பெருமளவு உண்மையே. தின்ற பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்காமல் விடுவதுதான் கோளாறு.

மிஞ்சுவது கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடும் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் தண்ணீரும் தனிக் கந்தகமும் வரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 10 லட்சம் கனமீட்டர் வாயு ஓடும் குழாய். அதில் ஆக்சிஜன் 10 பிபிஎம். அதாவது நாளுக்கு 10 கனமீட்டர். அவ்வளவும் இந்த வழியில் போனால் சுமார் 27 கிலோ கந்தகம் கிடைக்கும். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 டன். நடப்பில் அவ்வளவும் வினைபுரியாது, அதுவும் உலர்ந்த வாயுவில் வினை மெதுவாகவே நடக்கும். சரி, பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு டன் கந்தகம் குழாயின் பள்ளங்களில் ஈரத்தோடு தங்கினால், அதை 'கொஞ்சம்' என்று எந்த வாயால் சொல்வது? ஈரக் கந்தகம் எஃகைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் இடத்தில் அரிப்பு பரவலாக நடக்காது. அந்த இடத்தையே குடைந்து குழி பறிக்கும். குழாயின் சராசரித் தடிமன் நன்றாக இருக்கும்போதே ஓர் இடத்தில் ஓட்டை விழும்.

இதைவிட மோசமான வேலை இன்னொன்று. இரும்பும் ஹைட்ரஜன் சல்பைடும் சந்தித்தவுடன் உலோகத்தின் மேல் கறுப்பாக ஒரு படலம் உண்டாகும். மேக்கினவைட் எனும் இரும்பு சல்பைடு அது. முழுக் கவசம் இல்லைதான். ஆனாலும் நாளாக நாளாக அரிப்பைத் தணிக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பல குழாய்கள் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்கு இந்தப் படலமும் ஒரு காரணம். ஆக்சிஜன் வந்து கைவைப்பது இதன் மேல்தான். சல்பைடு ஆக்சைடாக மாறும், அதிலிருந்தும் கந்தகம் பிரியும், படலம் பொத்தலாகிப் பிடிப்பை இழக்கும். அரிப்பைத் தடுக்க ஊற்றும் ரசாயனமும் இந்த நிலையில் சரியாக வேலை செய்யாது. ரசாயனம் தரமில்லை என்று சப்ளையர் மீது பழி விழும்.

குழாயைச் சுத்தம் செய்ய 'பிக்' ஓட்டிவிட்டு ரிசீவரைத் திறக்கும்போது வரும் சேற்றைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். கன்னங்கரேல் என்று குழம்பு போல வரும். (அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், காய்ந்தால் இரும்பு சல்பைடு காற்றுபட்டுத் தானே தீப்பிடிக்கும்.) ஆக்சிஜன் புகுந்த லைன் என்றால் கறுப்புக்கு நடுவே மஞ்சள் கட்டிகள் தென்படலாம். அந்தச் சேற்றைத் திறந்த தட்டில் வைத்தால் சில மணி நேரத்தில் ஓரங்கள் பழுப்பேறும். சாதாரண பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அறிக்கையில் என்ன இருக்கும்? 'இரும்பு ஆக்சைடு, துரு.' அது பாட்டிலுக்குள் இருந்த காற்றின் கைவேலையாகவே இருக்கலாம். மாதிரியை நைட்ரஜன் நிரப்பி மூடி அனுப்புகிற இடங்களில்தான் மீட்டர் காட்டாத கதையை இந்தச் சேறு காட்டிக்கொடுக்கும்.

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் எதுவுமில்லை. காற்றழுத்தத்துக்குக் கீழே இயங்கும் லைனில் தேய்ந்த சீல் வழியாக வரும். டேங்க் ஆவியை மீட்டு அனுப்பும் கம்ப்ரசர் வழியாக வரும். பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் குழாயை அடைக்காமலிருக்க ஊற்றும் மெத்தனாலோடும் வரும். ஆக்சிஜன் தண்ணீரைவிட மெத்தனாலில் பல மடங்கு கரையும். மெத்தனால் டேங்கைத் திறந்து போட்டுவிட்டு வால்வு கசிவைத் தேடுவதில் அர்த்தமில்லை. ஆக்சிஜனை உறிஞ்ச சல்பைட் (sulfite) உப்புகளை ஊற்றுகிறோமே என்பார்கள். அந்த வினையை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட், ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் கோபால்ட் சல்பைடாகப் படிந்துவிடும். மருந்து பாதி வழியிலேயே செயலற்றுப் போகிறது.

ஹைட்ரஜன் சல்பைடு நிரபராதி என்று நான் வாதிடவில்லை. கஜகஸ்தானின் கஷகான் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. சில வாரங்களிலேயே குழாய்கள் விரிசல்விட்டு வேலை நின்றது. குழாய்களை மாற்றி 2016-இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். அது சல்பைடு விரிசல். ஆக்சிஜன் துணை அதற்குத் தேவையில்லை. ஆனால் இப்படிப்பட்ட பெரிய கதைகளால் எந்தக் குழாயில் ஓட்டை விழுந்தாலும் அதே பெயரை எழுதிக் கோப்பை மூடும் பழக்கம் வந்துவிட்டது. விரிசல் வேறு, குழி வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் கூடாது என்பதை ஆய்வகத்துக்காரர்கள் எப்போதோ விதியாகவே எழுதிவைத்துவிட்டார்கள். சல்பைடு விரிசலைச் சோதிக்கும் நேஸ் டிஎம் 0177 தரநிலைப்படி, ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தும்போது கரைசல் கலங்கினால் உள்ளே ஆக்சிஜன் இருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனை செல்லாது. ஆய்வகக் கலத்தில் பொறுக்க முடியாததை, பல கிலோமீட்டர் குழாயில் மட்டும் எந்த நியாயத்தில் பொறுத்துக்கொள்கிறோம்?

ஆகவே ஆலைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆக்சிஜனைக் குழாயின் கடைசியில் அளக்காதீர்கள். அது தின்னப்பட்ட பிறகு எடுக்கும் கணக்கு. உள்ளே நுழையும் இடத்தில், மெத்தனால் டேங்கிலும் கம்ப்ரசர் வாயிலும் அளந்து, மாத அறிக்கையில் அதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள்.